லாச்சப்பலில் இருந்து சிரானோவின் வாசல்வரை

பாரிசுக்குப் போகிற எங்கள் ஆட்கள் லாச்சப்பலைப் பாராமல் திரும்புவதில்லை. கறிவேப்பிலை, முருங்கைக்காய், கூறைச்சீலை, தாலிக்கொடி, இருபது வருசம் காணாத கூட்டாளி, எல்லாம் அந்த மூன்று நாலு வீதிகளுக்குள் கிடைத்துவிடும். ஆனால் போபூர் சென்-தெனி என்ற அந்த நீண்ட வீதியில் எங்கள் கடைகள் எங்கே முடிகின்றனவோ அங்கேயே எங்களுடைய பாரிசும் முடிந்துவிடுகிறது. கார் து நோர் ரயில் நிலையத்தைத் தாண்டித் தெற்கே நடக்க எங்களில் பலருக்குக் காரணம் ஏற்பட்டதில்லை. நான் 1993இல் அந்த வீதிக்கு வந்து சேர்ந்தவள். 2004இல் லண்டனுக்கு மாறும்வரை பதினொரு வருசம் பாரிசில் இருந்தேன். நானும் நடந்ததில்லை.

2025 ஏப்ரலில், இவருடைய தமக்கையின் மகனுக்குக் கலியாணம் என்று போனபோதுதான் நடந்தேன். கலியாணத்துக்கு அடுத்த நாள். அரை மணி நேர நடைதான். அதற்கு முப்பத்திரண்டு வருசம் எடுத்திருக்கிறது.

என்னை நடக்க வைத்தது ஒரு நாடகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 டிசம்பரில் மகள் மூன்று ரிக்கற் எடுத்து வந்தாள். லண்டன் பின்ஸ்பரி பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே 2013இல் திறந்த பார்க் தியேட்டர் என்று ஒன்று இருக்கிறது. பெரிய அரங்கில்கூட ஏறக்குறைய 200 பேர்தான் இருக்கலாம். நடிப்பவர்களின் மூச்சு எங்களுக்குக் கேட்கும். நாடகத்தின் பெயர் சிரானோ. "பழைய பிரெஞ்சுக் கதை அம்மா, நீங்கள் பாரிசில இருந்தனீங்கள்தானே, உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். இவர், "எனக்கு இங்கிலீஷ் நாடகம் என்னத்துக்கு" என்றார். குளிருக்குள் தனியாக வீட்டில் இருக்கவும் விருப்பமில்லை, வந்தார்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சிரானோ என்பவன் வாள் வீச்சிலும் சொல் வீச்சிலும் வல்லவன். ஆனால் மூக்கு மிகப் பெரிது. தன் உறவுக்காரி றொக்சான் மேல் உயிரை வைத்திருக்கிறான், இந்த மூக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று சொல்லாமல் இருக்கிறான். அவளோ கிறிஸ்தியான் என்ற வடிவான பொடியனை விரும்புகிறாள். அவனுக்கு வாயைத் திறந்தால் ஒரு வசனம் ஒழுங்காக வராது. சிரானோ அவனுக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கிறான். இரவில் அவளுடைய மாடத்துக்குக் கீழே இருட்டில் நின்று அவனுக்காகப் பேசியும் விடுகிறான். கிறிஸ்தியான் போரில் செத்துப்போகிறான். பதினைந்து வருசம் கழித்து, கன்னியர் மடம் ஒன்றில் துக்க உடுப்போடு வாழும் றொக்சானுக்கு, சிரானோ சாகும் தறுவாயில்தான் உண்மை தெரியவருகிறது. தெரியவரும் விதம் அருமையானது. கிறிஸ்தியானின் கடைசிக் கடிதத்தைச் சிரானோ வாங்கி உரத்து வாசிக்கிறான். பொழுது பட்டு, எழுத்துத் தெரியாத அளவுக்கு இருட்டி விடுகிறது. அவன் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறான். அப்போதுதான் அவளுக்குப் பிடிபடுகிறது.

இதை எழுதியவர் எட்மொன் றொஸ்தான். 1897 டிசம்பர் 28ஆம் திகதி பாரிசில் முதல் தடவை மேடையேறியது. அப்போது அவருக்கு 29 வயது. ஐந்து அங்கம், முழுவதும் செய்யுள். தோற்றுப்போகும் என்று பயந்து, முதல் நாள் திரை எழ முன்னரே பிரதான நடிகர் கொக்லனிடம் அவர் மன்னிப்புக் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. அது உண்மையோ இல்லையோ, நாடகம் பிரான்சையே தூக்கி நிறுத்தியது. சில நாட்களுக்குள் அரசாங்கம் அவருக்கு விருதும் கொடுத்துவிட்டது.

நாங்கள் பார்த்தது அதே நாடகம் அல்ல. அவுஸ்திரேலிய நடிகை வெர்ஜினியா கே அதை உடைத்துப் புதிதாக எழுதி, சிரானோவாகத் தானே நடிக்கிறார். மெல்பேர்ணில் 2021இல் மேடையேற இருந்து, கொரோனா முடக்கத்தால் தடைப்பட்டு, 2022இல் நடந்தது. 2024 ஓகஸ்டில் எடின்பரோ விழாக் காலத்தில் றவேர்ஸ் அரங்கில் போட்டார்கள். பிறகுதான் லண்டன். இதில் சிரானோ ஒரு பெண். அவள் விரும்புவதும் பெண்ணைத்தான். பெரிய மூக்கு ஒட்டிக்கொள்வதும் இல்லை. வெறும் மேடை. எங்கள் கூத்தில் பிற்பாட்டுக்காரர் நிற்பதுபோல மூன்று பேர் நின்று, இந்தக் கதையை எப்படிச் சொல்வது, இப்படித்தான் முடிக்கவேண்டுமா என்று தங்களுக்குள் வழக்காடுகிறார்கள். பகிடியும் பாட்டும் நிறைய. கடைசியில் ஒருவரும் சாவதில்லை.

ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவதா என்று வாசகர்களில் சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். எனக்கும் முதல் பத்து நிமிடம் இவர் பக்கம் திரும்பக் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு அந்த எண்ணமே வரவில்லை. தன் முகத்துக்குப் பயந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒளிக்கிற ஒருவர்தான் மேடையில் தெரிந்தார். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. பழைய நாடகத்தில் உண்மை தெரிந்ததும் றொக்சான் அழுகிறாள். இந்த நாடகத்து றொக்சான் கோபிக்கிறாள். எனக்குத் தெரியாமல் நீங்கள் இருவரும் சேர்ந்து என்னை வைத்து விளையாடினீர்களே, என்னிடம் யார் கேட்டது என்ற மாதிரியான கோபம்.

அந்த இடத்தில் இவர் தன்னுடைய சப்பாத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று மகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சரி, இப்போது லாச்சப்பலுக்கு வருவோம்.

மெற்றோ 2ஆம் இலக்கப் பாதை அங்கே தலைக்கு மேலே, இரும்புத் தூண்களில் ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே பூஃப் து நோர் என்ற அரங்கு. 1876இல் கட்டியது. பாழடைந்து கிடந்ததை 1974இல் பீற்றர் புறூக் என்ற ஆங்கில இயக்குநர் திறந்து, சுவரின் கறைகளைக்கூடப் பூசி மறைக்காமல் அப்படியே வைத்து நாடகம் போட்டார். 1985இல் அவினியோன் விழாவில் தொடங்கிய அவருடைய ஒன்பது மணி நேர மகாபாரதம் பின்னர் இங்கேதான் வந்தது. பல நாட்டு நடிகர்களுக்குள் திரௌபதியாக நடித்தவர் நம் பக்கத்து மல்லிகா சாராபாய். எங்கள் பொடியள் எட்டுப் பேர் ஒரு அறையில் படுத்தெழும்பிய அதே காலத்தில், அதே வீதி முனையில், திரௌபதி பிரெஞ்சு மொழியில் சபையைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வேலை முடிந்து அந்த வாசலால் எத்தனை ஆயிரம் தரம் நடந்திருப்பார் என்று இவரைக் கேட்டேன். "அது சினிமா தியேட்டர் எண்டு நினைச்சன்" என்றார்.

அங்கிருந்து கடைகளுக்குள்ளால் கீழே இறங்கினோம். ஓகஸ்ட் முடிவில் பிள்ளையார் தேர் வருகிற வீதிகள் இவை. தேங்காய் உடைத்து வெள்ளையாய்க் கிடக்கும் தெரு அன்று வெறும் தெருவாக இருந்தது. கார் து நோர் தாண்டியதும் தமிழ்ப் பலகைகள் குறைந்துபோகும். இன்னும் கொஞ்சம் போக, வலப்பக்கம் ஒரு சிறு பூங்காவும் நூலகமும். இந்த இடத்தில்தான் சென்-லசார் என்ற பெண்கள் சிறைச்சாலை இருந்தது. கொம்யூன் எழுச்சியில் நின்ற லூயிஸ் மிஷேல் இங்கே அடைக்கப்பட்டிருந்தார். 1917இல் உளவாளி என்று சுடப்பட்ட மாத்தா ஹாரியும் இங்கிருந்துதான் கொண்டுபோகப்பட்டார். றொஸ்தானின் றொக்சானுக்காகப் பாரிஸ் கண்ணீர் விட்ட அந்த இரவிலும் இந்தச் சிறை நிறையப் பெண்கள் இருந்திருப்பார்கள். அரங்கு அங்கிருந்து நடை தூரம்தான். இப்போது பிள்ளைகள் புத்தகம் எடுக்க வருகிறார்கள். பிரான்சில் புதிதாய்க் குடியேறியவர்கள் நூலகத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். உள்ளே போய் இருந்து வாசிப்பதற்கு ஒருவரும் காசு கேட்கமாட்டார்கள்.

"கால் நோகுது" என்றார் இவர். "இன்னும் கொஞ்சத் தூரம்தான்" என்றேன். எனக்கு அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்றிருந்தது.

எங்களுடைய சம்பந்தம் 1991இல் பேசியது. மாப்பிள்ளை பிரான்சில், பெண் யாழ்ப்பாணத்தில். படம் வந்தது, பிறகு கடிதம் வந்தது. கடிதம் வர ஒரு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். மண்ணெண்ணெய் இல்லாமல் தேங்காயெண்ணெய் விளக்கில் வாசிப்பேன். அப்படி ஒரு எழுத்து. துலாச் சத்தத்தில் விடிந்த ஊரை விட்டு ரயில் சத்தத்தில் விடியும் ஊருக்கு வந்துவிட்டேன் என்று ஒரு கடிதம். சமையலறையில் கோப்பை கழுவும் நீராவிக்குள் உம்முடைய முகத்தைத் தேடுகிறேன் என்று இன்னொன்று. நான் தமிழில் நல்ல புள்ளி எடுத்தவள், ஆசிரிய கலாசாலைக்குப் போக இருந்தவள். அந்தக் கடிதங்களுக்காகத்தான் அதை விட்டுவிட்டு, 1993இல் இரவில் கிளாலிக் கடலைக் கடந்தேன். பழைய நாடகத்திலும் றொக்சான் கடிதங்களின் மயக்கத்தில் எதிரியின் காவலுக்குள்ளால் வண்டியில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு அராஸ் போர்க்களத்துக்கே வந்து நிற்பாள். அதைப் படித்துவிட்டு, றொஸ்தான் பெண்ணைப் பொம்மையாய் வைத்தார் என்று சொல்வதை என்னால் முழுவதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. துணிச்சலான பெண்ணைத்தான் படைத்திருக்கிறார். அந்தத் துணிச்சலுக்கு ஈடாக அவளுக்கு ஒரு கேள்வி கேட்கவாவது விட்டிருக்கலாம்.

பாரிசுக்கு வந்து இரண்டாம் மாதம் இவருடைய பழைய அறைக் கூட்டாளிகள் சாப்பிட வந்தார்கள். ஒருவரை எல்லோரும் மாஸ்ரர் என்று கூப்பிட்டார்கள். ஊரில் படிப்பித்தவர், இங்கே உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். ஒடியல் கூழ் குடித்துக்கொண்டிருந்தவர், ரயில் ஒன்று போன சத்தத்துக்கு நிமிர்ந்து, "துலாச் சத்தத்தில விடிஞ்ச எங்களுக்கு இப்ப ரயில் சத்தத்தில விடியுது தங்கச்சி" என்றார்.

அகப்பை என் கையில் இருந்தது. இவரைப் பார்த்தேன். இவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இருட்டி முடியும்வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. அன்றிரவு கேட்டதற்கு, "எனக்கு எழுத வராது எண்டு தெரிஞ்சால் நீர் வந்திருப்பீரே?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் கோபிக்க எனக்கு இடம் இருக்கவில்லை. மொழி தெரியாது. என் விசா இவருடைய பத்திரங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. என் பயணத்துக்கு ஏஜென்சிக்குக் கட்டிய காசும் இவருடைய உழைப்பு. தங்கச்சியின் கலியாணமும் இவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்து நின்றது. கோபம் என்பதும் சொந்தமாக ஒரு கதவுத் திறப்பு இருக்கிறவர்களுக்குத்தான். இப்போது புதிதாய் வந்திருக்கும் தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்வேன். உங்கள் பெயரில் போகிற ஒவ்வொரு கடிதத்தையும் படிவத்தையும் யாராவது வாசித்துச் சொல்லக் கேட்டு, விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள். எழுதித் தருகிறவர் எவ்வளவு நல்லவராய் இருந்தாலும்.

மாஸ்ரரை நான் பிழை சொல்லவில்லை. அவர் அந்த அறையில் ஐந்து பேருக்கு எழுதிக் கொடுத்தாராம், கூலி ஒரு நேரச் சாப்பாடு. இரண்டு வருசம் கழித்து, கோயிலில் ஒரு பிள்ளையோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கடிதத்திலும் அந்தத் துலா இருந்தது தெரியவந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் ஐயர் திரும்பிப் பார்த்தார். சிரானோ றொக்சான் ஒருத்திக்குத்தான் எழுதினான். எங்கள் சிரானோவுக்கு வேலை கூட.

அதே காலத்தில் ஒருநாள், 1990இல் வந்த சிரானோ படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். ஜெரார் டிபார்டியு நடித்தது. மூக்கைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த மனிசன், மாடத்துக் காட்சி வந்ததும் எழும்பிப் போய் உதைபந்தாட்டத்துக்கு மாற்றிவிட்டார். எனக்கு அப்போது மொழி விளங்கியிருந்தால் காரணமும் விளங்கியிருக்கும்.

லண்டன் நாடகம் முடிந்து ரயிலில் வரும்போது தகப்பனுக்கும் மகளுக்கும் வாக்குவாதம். "நூறு வருசத்துக் கதையை ஏன் மாத்துவான்? அவன் எழுதினபடி விடவேண்டியதுதானே" என்றார் இவர். "றொக்சான்ர பக்கத்தை ஒருத்தரும் கேக்கேல்லையே அப்பா" என்றாள் அவள். எனக்கு இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் தெரிந்தது. பழையதன் சோகம் புதியதில் இல்லை. கடைசியில் எல்லோரும் சந்தோசமாக முடிப்பது எனக்குக் கொஞ்சம் இலேசாகப் பட்டது. வாழ்க்கையில் கோபம் அவ்வளவு கெதியாய் ஆறாது. ஆனால் கதையை மாற்றுவது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதினம் அல்ல. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் இராவணனை நடுவில் வைத்து இராவணேசன் கூத்தை மேடையேற்றவில்லையா? 1980களில் மௌனகுருவின் சக்தி பிறக்குது நாடகம் எங்கள் பெண்களின் பக்கத்தைப் பேசவில்லையா? மகளுக்கு இதைச் சொன்னேன். அவள் அதை அறிந்திருக்கவில்லை. அது எங்களுடைய பிழை.

இனி வீதியின் கீழ் முனை. பாசாஜ் பிறாடி என்ற கண்ணாடிக்கூரைச் சந்தில் இந்திய, பாகிஸ்தான் உணவகங்கள். அதையும் தாண்டினால் நேரே முன்னால் ஒரு பெரிய கல் வளைவு. பதினான்காம் லூயி 1672இல் கட்டிய சென்-தெனி வாசல். இடப்பக்கம் பெருவீதியில் திரும்பினால் 1674இல் கட்டிய சென்-மார்த்தன் வாசல். அதைக் கடந்ததும் அந்த அரங்கு, போர்த் சென்-மார்த்தன். முதலில் 1781இல் ஒப்பெராவுக்காகக் கட்டினார்கள். டூமாவின் அந்தோனி, ஹியூகோவின் லுக்ரேஸ் போர்ஜியா போன்ற காதல் யுகத்து நாடகங்கள் 1830களில் இங்கேதான் கைதட்டு வாங்கின. 1871இல் கொம்யூன் சண்டையில் எரிந்துபோய், 1873இல் திரும்பக் கட்டினார்கள். இப்போது நிற்பது அந்தக் கட்டடம். முகப்பில் சிலைகள், கீழே சாதாரண நகரத்து இரைச்சல். ரிக்கற் ஜன்னலில் ஒருவர் நின்றார். இன்றும் நாடகம் நடக்கிறது.

நாடகம் பார்க்கப் போக உடுப்பு வேண்டும், படிப்பு வேண்டும் என்று பயப்படவேண்டாம். நாங்கள் பின்ஸ்பரி பார்க்குக்குக் குளிர்ச்சட்டையோடும் கடைச் சாமான் பையோடும்தான் போனோம். முற்கூட்டியே எடுத்தால் ரிக்கற் மலிவு, இளம் ஆட்களுக்குப் பல இடங்களில் தனிக் கழிவும் உண்டு. கதையை முதலில் அறிந்துகொண்டு போனால், மொழி அரைவாசி விளங்கினாலும் போதும்.

வாசலுக்கு எதிரே ஒரு இருக்கையில் இவர் இருந்துவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். முப்பத்திரண்டு வருசமாகக் கேட்காத ஒன்றை அப்போது கேட்டேன்.

"அந்தக் கடிதங்களில ஒண்டாவது நீங்கள் எழுதினனீங்களோ?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒண்டு எழுதினனான்" என்றார். "கடைசிக் கடிதம். மாஸ்ரருக்கு அண்டைக்குக் காய்ச்சல்."

எனக்கு அந்தக் கடிதம் ஞாபகம். பத்தொன்பது நீளக் கடிதங்களுக்குப் பிறகு, வெள்ளவத்தையில் ஏஜென்சிக்காகக் காத்திருந்தபோது வந்தது. எழுத்து வேறு மாதிரி இருந்தது. அவசரத்தில், வேலையிடத்தில் நின்று எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். மொத்தம் நாலு வரி. ரிக்கற் சரி. இங்கே சரியான குழிர். காலுக்கு இரண்டு மேஸ் போட்டு வரவும். பயப்பிட வேண்டாம், நான் எயாப்போட்டில் நிப்பன். குளிருக்கு ழகரம் போட்டிருந்ததைக் காட்டி நானும் தங்கச்சியும் சிரித்தோம். ஆனால் மேஸ் இரண்டு போட்டுக்கொண்டுதான் வந்தேன். அவரும் நின்றார்.

"அதுக்கும் நீர் பதில் போடேல்லை" என்றார் இவர்.

திரும்பி நடக்க அவரால் முடியவில்லை, உண்மையிலேயே கால் வீங்கியிருந்தது. ஸ்ராஸ்பூர் சென்-தெனி நிலையத்தில் மெற்றோ எடுத்தோம். 4ஆம் இலக்கம், மூன்றாவது தரிப்பு கார் து நோர். பிளேன்ரீ குடிக்க லாச்சப்பலுக்கு வந்து சேர்ந்தபோது கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள்.